கடல் பார்க்கும் அறை: கவ்ஸ் ஊரும் ‘எங்கே தங்கலாம்’ பக்கங்களும்

பயண வழிகாட்டிகளில் நான் மிகக் குறைவாக நம்புகிற பகுதி ‘எங்கே தங்கலாம்’. ஊரின் வரலாறு எழுதும்போது கொஞ்சமாவது பொறுப்போடு எழுதுகிறவர்கள்கூட, தங்குமிடம் என்று வந்துவிட்டால் ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்களைக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கடலுக்கு ஐந்து நிமிடம், படகுத்துறைக்கு மூன்று நிமிடம், கடல் பார்க்கும் அறை, காலை உணவு சேர்த்து. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் கோவாவுக்கும் ஒட்டும், கொடைக்கானலுக்கும் ‘கடல்’ இடத்தில் ‘ஏரி’ போட்டால் ஒட்டும்.

இந்த வகை எழுத்து எங்கே அதிகமாகத் தோற்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பாய்மரப் படகுக்காரர்களின் சிற்றூர் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம், அப்படிப்பட்ட ஊர்கள் பார்வைக்குக் கடற்கரைச் சுற்றுலா ஊர் மாதிரி இருக்கும். உள்ளே இயங்குகிற விதம் முற்றிலும் வேறு. எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இங்கிலாந்தின் கவ்ஸ். சவுத்தாம்ப்டனுக்கு எதிரே வைட் தீவின் வடமுனையில், மெடினா ஆறு கடலில் விழும் இடத்தில் இருக்கிற ஊர். சுமார் பத்தாயிரம் பேர் வாழ்கிறார்கள். 1826 ஆகஸ்டில் இங்கே தொடங்கிய படகுப் பந்தயம்தான் இன்றைய ‘கவ்ஸ் வாரம்’. 1851 ஆகஸ்ட் 22 அன்று ‘அமெரிக்கா’ என்ற படகு இந்தத் தீவைச் சுற்றி வந்து ஜெயித்த கோப்பைதான் பின்னால் அமெரிக்கா கோப்பை என்று பெயர் பெற்றது. அந்தப் பந்தயத்தை நடத்திய ராயல் யாட் ஸ்குவாட்ரன் என்ற சங்கம் எட்டாம் ஹென்றி 1539-இல் கட்டிய கோட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவும் எல்லா வழிகாட்டியிலும் இருக்கும். அடுத்த பக்கத்தில் விடுதிப் பட்டியல். இரண்டு பக்கத்துக்கும் சம்பந்தமே இருக்காது. என் புகார் அதுதான்.

முதலில் வரைபடம். ‘கவ்ஸ்’ என்று தேடினால் இணையதளங்கள் ஆற்றின் இரு கரையிலும் உள்ள அறைகளை ஒன்றாகக் கலந்து காட்டும். உண்மையில் இவை இரண்டு ஊர்கள். மேற்குக் கரையில் கவ்ஸ், கிழக்குக் கரையில் ஈஸ்ட் கவ்ஸ். ஆற்றுமுகத்தின் இருபுறமும் இருந்த இரண்டு மணல்திட்டுகள் பசுமாடு படுத்திருப்பது போலத் தெரிந்ததால் கிழக்குப் பசு, மேற்குப் பசு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். (இரண்டு பசுவும் ஒரே தொழுவத்தில் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.) நடுவில் பாலம் கிடையாது. 1859 முதல் இருப்பது சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் ஒரு மிதவை. ‘மிதக்கும் பாலம்’ என்றுதான் ஊரில் அதற்குப் பெயர். கடப்பதற்குச் சில நிமிடம். ஆனால் அது நின்றுபோனால் காரில் ஆற்றின் தலைப்பக்கம் உள்ள நியூபோர்ட் வரை போய்ச் சுற்றி வரவேண்டும். ஒரு கல்லெறி தூரம் பத்து மைல் ஆகிவிடும்.

அது நின்றுபோவது அபூர்வமும் அல்ல. 2017 மே மாதம் ஆறாம் எண் மிதவையை முப்பத்திரண்டு லட்சம் பவுண்டு செலவில் கொண்டுவந்தார்கள். வந்த வேகத்திலேயே கோளாறு. சேவை நிறுத்தப்பட்டது, மறுபடி தொடங்கியது, மறுபடி நின்றது. வற்று நீர் வேகமாக இழுக்கிற நேரத்தில் சங்கிலி மிதவையை நேராகப் பிடித்துவைக்க முடியாமல், பக்கவாட்டில் தள்ளிக்கொடுக்க இன்னொரு படகு தேவைப்பட்டது. தீவுக்காரர்கள் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். நம்மூரில் ரயில்வே கேட்டைப் பற்றிப் பேசுவதுபோல. ஆனால் ‘எங்கே தங்கலாம்’ பக்கம் மட்டும் இந்த ஆறு இருப்பதையே ஒப்புக்கொள்வதில்லை. அது தூரத்தைக் காகம் பறக்கும் கணக்கில் சொல்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர் காகம் இல்லையே.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி உண்டு. சவுத்தாம்ப்டனிலிருந்து ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல் சேவைகள் புறப்படுகின்றன. ஆட்களை மட்டும் ஏற்றும் விரைவுப் படகு அரை மணிக்கும் குறைவான நேரத்தில் மேற்குக் கவ்ஸின் கடைத்தெருவில் இறக்கிவிடும். கார் ஏற்றும் பெரிய கப்பல் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு ஈஸ்ட் கவ்ஸுக்குப் போகும். காரோடு வருகிறவர் மேற்கில் அறை எடுத்தால் மிதவையை நம்ப வேண்டும், இல்லாவிட்டால் நியூபோர்ட் வழி. அப்படியே வந்து சேர்ந்தாலும் மேற்குக் கவ்ஸின் ஹை ஸ்ட்ரீட் நம் ஊர் அக்ரகாரத் தெரு அகலம்தான், கார் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். கார் இல்லாமல் வருகிறவர் ‘கப்பல் துறைக்கு அருகில்’ என்று படித்துவிட்டு ஈஸ்ட் கவ்ஸில் அறை எடுத்தால், அது அவர் வரப்போகாத கப்பலின் துறை. ஊருக்குள் எந்தத் துறை யாருடையது என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். நான் படித்த பக்கங்களில் பாதிக்கு மேல் அந்த வரி இல்லை.

அடுத்து, ‘கடல் பார்க்கும் அறை’. இந்தச் சொற்றொடரின் மீது எனக்குத் தனிப் பகை உண்டு.

கவ்ஸின் கடல்முகம் வடக்கு நோக்கியது. அதாவது அந்தப் பிரபலமான கடற்கரைச் சாலையில் கடல் பார்க்கும் ஜன்னலுக்குக் குளிர்காலத்தில் வெயில் வராது. கடற்கரையில் மணலும் இல்லை, கூழாங்கல். மணல் வேண்டுமென்றால் அதே தீவில் ரைட், சேண்டவுன் பக்கம் போக வேண்டும். ‘கடற்கரை விடுதி’ என்று படித்துக் குழந்தைகளோடு வாளியும் மண்வாரியும் எடுத்து வருகிறவர்கள் கூழாங்கல்லை அடுக்கி விளையாட வேண்டியதுதான்.

சத்தம் இன்னொரு விஷயம். படகுத்துறையை ஒட்டிய அறையில் நான் தங்கியிருக்கிறேன். பாய் ஏற்றுகிற கயிற்றை நம்மூர்க் கடற்கரையில் ஆஞ்சான் என்பார்கள். இன்றைய உல்லாசப் படகுகளில் பாய்மரம் அலுமினியக் குழாய். ஆஞ்சானை மரத்திலிருந்து விலக்கி இழுத்துக் கட்டாமல் விட்டுவிட்டால், காற்றடிக்கும்போது அது குழாய்மேல் தட்டிக்கொண்டே இருக்கும். டிங், டிங், டிங்… ஒரு படகு என்றால் தாலாட்டு. இருநூறு படகு, ஒவ்வொன்றும் வேறு தாளத்தில் என்றால், இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள். நல்ல படகுக்காரர்கள் படுக்கப்போகுமுன் கயிற்றை விலக்கிக் கட்டிவிடுவார்கள். அப்படிச் செய்யாமல் விடுவது அவர்களிடையே பெரிய அநாகரிகம். ஆனால் படகை நிறுத்திவிட்டு லண்டனுக்குப் போய்விட்டவரை யார் போய் எழுப்புவது? ‘படகுத்துறைக்கு மூன்று நிமிடம்’ என்பதைப் புகழ்ச்சியாக எழுதுகிறவர் அந்தத் துறையின் அருகில் ஓர் இரவு படுத்ததில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இதற்கு நேர்மாறாக, தங்குமிடம் பற்றி மிக நேர்மையாக எழுதப்பட்ட ஒரு வகை நூல் உண்டு. கடலோடிகளுக்கான பைலட் புத்தகங்கள். ஒரு துறைமுகத்தில் படகைக் கட்டித் தூங்கலாமா என்பதுதான் அவற்றின் கேள்வி. எந்தக் காற்றுக்கு அந்த இடம் ஒதுக்கு, எந்தக் காற்றில் ஆட்டம் தாங்காது, வற்றின்போது எவ்வளவு ஆழம் மிஞ்சும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், போகிற வருகிற கப்பல்களின் அலை எவ்வளவு தொல்லை என்று எழுதியிருப்பார்கள். கவ்ஸைப் பற்றி அவை சொல்லும் முக்கியமான செய்தி, துறைமுகத்தின் வெளிப்பகுதி வடக்கிலிருந்து அடிக்கிற காற்றுக்குத் திறந்து கிடக்கிறது என்பது. பின்னாளில் ஆற்றுமுகத்துக்கு வெளியே அலைத்தடுப்பு கட்டியதும் அதனால்தான். இந்தப் புத்தகங்களில் ‘அழகிய’, ‘மனம் மயக்கும்’ எதுவும் இருக்காது. தப்பாக எழுதினால் ஒருவர் படகு கரைதட்டும். விடுதி விமர்சனம் எழுதுகிறவருக்கு அந்தப் பயம் இல்லை. அதனால்தான் பத்துக்கு 9.2 என்று தயங்காமல் போடுகிறார்கள்.

பைலட் புத்தகம் மாதிரி கவ்ஸின் தங்குமிடங்களை எழுதினால் எப்படி இருக்கும்? முதலில் நீரோட்டத்தைச் சொல்ல வேண்டும். மீனவர் பேச்சில் நீவாடு. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட சோலன்ட் கால்வாயில் ஓதம் கடுமையாக ஓடும். பந்தயத்தின் தொடக்கக் கோடு கரையில் இருக்கும் ஸ்குவாட்ரன் கோட்டையிலிருந்து கடலுக்குள் இழுத்த கோடு. உலகத்தில் பெரும்பாலான இடங்களில் பந்தயம் தொடங்குவதைப் பார்க்க நீங்களும் ஒரு படகில் போக வேண்டும். இங்கே பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பார்க்கலாம். எதிர் நீவாடு இருக்கிற நாளில் நடுக்கால்வாயில் போனால் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் ஓட்டம் குறைவாக உள்ள கரையோரத்தைத் தடவிக்கொண்டே படகுகள் வரும். கோட்டைக்கு மேற்கே பிரின்சஸ் கிரீன் என்ற புல்வெளியில் உட்கார்ந்தால், படகில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதுகூடக் காதில் விழும். கரையோரப் பாறையில் இடித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

எனவே கவ்ஸ் வாரத்தில் ‘நல்ல இடம்’ என்பது அறையின் ஜன்னல் அல்ல, அந்தப் புல்வெளிக்கு நடந்து போகிற தூரம். கோட்டையின் பித்தளைப் பீரங்கிகள் காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடும். ஒவ்வொரு வகைப் படகுக்கும் தனித்தனித் தொடக்கம், ஆகவே வெடிச்சத்தம் விட்டுவிட்டுத் தொடரும். கடற்கரைச் சாலையில் விடியும்வரை குடித்துவிட்டு வந்து படுத்தவர் அறைக்குள் இருந்தபடியே பந்தயம் ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்!

சரி, அந்த வாரத்தில் யார் எங்கே தூங்குகிறார்கள்? இதுதான் கவ்ஸைப் புரிந்துகொள்ளச் சரியான கேள்வி என்று நினைக்கிறேன். இவ்வளவு புகழ் பெற்ற ஊரில் பெரிய ஓட்டல்கள் ஏன் அவ்வளவு குறைவு என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பகுதியினர் கூரையோடு வருகிறார்கள். படகுதான் அறை. துறையில் இடம் போதாமல் ஒரு படகின் பக்கவாட்டில் இன்னொன்று, அதன் பக்கத்தில் மற்றொன்று என்று அடுக்கிக் கட்டுவார்கள். வெளிக்கோடியில் இருக்கிறவர் கரைக்குப் போக ஐந்தாறு பேர் வீட்டு வாசலைத் தாண்டி நடக்க வேண்டும். அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது: அணியத்தின் பக்கமாக, பாய்மரத்துக்கு முன்னால்தான் கடக்கணும், பின்னால் உட்காரும் குழிப்பகுதி வழியாகக் கடக்கக் கூடாது. அது அவர்கள் கூடம். நம் ஒண்டுக்குடித்தன வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டிய பாடமே இல்லை.

கொஞ்சம் வசதி கூடியவர்கள் தங்கள் சங்கங்களில் தங்குவார்கள். மீதிப் பேர் ஊர்க்காரர்களின் வீட்டை வாரக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஊர்க்காரர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு அக்கா தங்கை வீட்டுக்கோ விடுமுறைக்கோ போய்விடுவார்கள். வாடகை சாதாரண வாரத்தைப் போலப் பல மடங்கு. “அந்த வாரப் பணத்துலதான் கூரை மாத்தினோம்” என்கிற பாணியில் ஒரு அம்மா என்னிடம் சொன்னார். அவர் பேச்சில் வெட்கமும் இல்லை, பேராசையும் இல்லை. அறுவடை பற்றிப் பேசுகிற தொனி. அண்மை ஆண்டுகளில் பந்தயத்துக்கு வரும் படகுகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, அறுவடையும் அதற்கேற்ப. ஆனால் இந்த ஏற்பாடு எந்த விடுதிப் பட்டியலிலும் தெரியாது, ஏனென்றால் பட்டியலில் இருப்பது மிச்சம் மீதிதான்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தாமஸ் லிப்டன்.

தேநீர்ப் பொட்டலத்தில் நாம் பார்க்கிற அதே லிப்டன். கிளாஸ்கோவின் மளிகைக்காரர். 1890-இல் இலங்கைக்குப் போய் மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்தின் உச்சியில் அவர் உட்கார்ந்து பார்த்த இடத்தை இன்றும் ‘லிப்டன் சீட்’ என்று காட்டுகிறார்கள். மளிகையிலும் தேயிலையிலும் சேர்ந்த பணத்தில் ‘ஷாம்ராக்’ என்ற பெயரில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து படகுகள் கட்டி, 1899 முதல் 1930 வரை ஐந்து முறை அமெரிக்கா கோப்பைக்குப் போட்டியிட்டார். ஐந்து முறையும் தோல்வி. கவ்ஸில் பிறந்த கோப்பையைத் திரும்பக் கொண்டுவர இவ்வளவு செலவழித்த மனிதரைக் கவ்ஸ் கோட்டைச் சங்கம் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. கடைக்காரர் என்பதுதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். ஏழாம் எட்வர்டோடு நட்பு இருந்தும் கதவு திறக்கவில்லை. அவர் போட்டியிட்டது அயர்லாந்தின் ராயல் அல்ஸ்டர் யாட் சங்கத்தின் பெயரில். 1931-இல், வயது எண்பதைத் தாண்டிய பிறகு, ஸ்குவாட்ரன் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் இறந்துபோனார்.

இந்தக் கதையை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் வர்க்கத் திமிரின் உதாரணமாகச் சொல்லி லிப்டனுக்காக உச்சுக்கொட்டுவார்கள். எனக்கும் அந்தச் சங்கத்தின் மேல் மரியாதை கிடையாது. ஆனால் தமிழில் இந்தக் கதையை அப்படியே நிறுத்த முடியாது. கவ்ஸில் லிப்டன் தங்க இடமில்லாமல் அலையவில்லை. அவருக்கு ‘எரின்’ என்ற நீராவி உல்லாசக் கப்பல் இருந்தது. விருந்தாளிகளை அதில்தான் தங்கவைத்தார். கோட்டைக்குள் அனுமதி இல்லை என்பது அவமானம், உறக்கத்துக்குக் குறைவில்லை. அவர் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும். மலையகத் தோட்டங்களில் அப்படிப்பட்டவர்கள் தங்கியது லயன் அறைகளில். ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி, வரிசையாக, முதுகோடு முதுகாக. மலையகத்தில் ‘லயம்’ என்று சொன்னாலே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘எங்கே தங்கலாம்’ என்ற கேள்வி அங்கே யாரும் கேட்டுப் பதில் சொல்கிற கேள்வியாக இருக்கவில்லை. கவ்ஸைப் பற்றிய எந்தச் சுற்றுலாப் பக்கமும் இதைச் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த வாரத்தின் படாடோபத்துக்குக் காசு எங்கெங்கிருந்து வந்தது என்பதில் ஒரு கிளை நம் வீட்டுப் பக்கம் நீள்கிறது. அதைத் தெரிந்துகொண்டு அந்தக் கோட்டையைப் பார்ப்பது வேறு மாதிரிப் பார்ப்பது.

கிழக்குக் கரைக்கு வருவோம். வழிகாட்டிகள் ஈஸ்ட் கவ்ஸை ‘கொஞ்சம் மலிவான மாற்று’ என்று ஒரு வரியில் தள்ளிவிடும். இது அநியாயம். இங்கிலாந்தின் அரசி கவ்ஸில் இடம் தேடியபோது தேர்ந்தெடுத்தது இந்தக் கரையைத்தான். விக்டோரியா சிறுமியாக 1831-இலும் 1833-இலும் தாயோடு இங்குள்ள நாரிஸ் கோட்டையில் தங்கினார். அரசியான பின் 1845-இல் ஆஸ்போர்ன் பண்ணையை விலைக்கு வாங்கிப் புது மாளிகை கட்டினார். 1901 ஜனவரி 22 அன்று இறந்ததும் அங்கேதான். பந்தயக் கூட்டத்திலிருந்து ஒரு ஆற்றின் தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்பதும் ஒரு தேர்வுதானே. தங்குமிடத்தைப் பற்றி அவருக்கு இருந்த தெளிவு இன்றைய விமர்சகர்கள் பலருக்கு இல்லை.

ஆஸ்போர்னின் தர்பார் மண்டபம் 1890, 91-இல் கட்டப்பட்டது. வடிவமைத்தவர்கள் லாக்வுட் கிப்ளிங்கும் லாகூரிலிருந்து வந்த பாய் ராம் சிங்கும். வெள்ளைச் சுதைவேலையில் மயிலும் பிள்ளையாரும். மண்டபத்தைவிட அதற்குப் போகும் தாழ்வாரம்தான் எனக்கு முக்கியம். அங்கே ஸ்வோபோடா வரைந்த இந்தியர்களின் உருவப்படங்கள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலும் சாதாரணத் தொழிலாளர்கள், கைவினைஞர்கள். அவற்றோடு அப்துல் கரீம். 1887-இல் வேலையாளாக வந்து அரசியின் முன்ஷி ஆனவர். விக்டோரியா அவருக்கு ஆஸ்போர்ன் வளாகத்தில் ஆர்தர் காட்டேஜ் என்ற வீட்டைக் கொடுத்தார். அரண்மனை அதிகாரிகளுக்கு அது பொறுக்கவில்லை. அரசி இறந்ததும் அவரிடமிருந்த கடிதங்களை வாங்கி எரித்து, ஆக்ராவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லிப்டனுக்கு உள்ளே நுழைய இடம் கொடுக்காத கரை ஒன்று. கரீமுக்கு வீடே கொடுத்துப் பிறகு பிடுங்கிக்கொண்ட கரை மற்றது.

அரண்மனையைத் தவிர்த்தும் ஈஸ்ட் கவ்ஸ் வேலை செய்கிறவர்களின் ஊர். மெடினாவின் இரு கரையிலும் கப்பல் கட்டினார்கள். மேற்கே ஜே. சாமுவேல் வைட் நிறுவனத்தின் 1912-ஆம் ஆண்டுச் சுத்தியல் தலைக் கிரேன் இன்னும் நிற்கிறது. கிழக்கே சாண்டர்ஸ்-ரோ நிறுவனம் பறக்கும் படகுகள் கட்டியது. 1959-இல் உலகத்தின் முதல் ஹோவர்கிராஃப்டைக் காட்டியதும் அதே நிறுவனம்தான். ஆற்றைப் பார்த்திருக்கும் கொலம்பைன் கொட்டகையின் பிரம்மாண்டக் கதவில் 1977-இல் பிரிட்டன் கொடியை வரைந்தார்கள். மேற்குக் கரையில் ‘கடல் பார்க்கும் அறை’க்குக் காசு கொடுத்தவர்கள் பலர் உண்மையில் பார்த்துக்கொண்டிருப்பது இந்தத் தொழிற்கொட்டகையை.

வழிகாட்டிகள் தொடவே தொடாத ஒன்று பாக்கி இருக்கிறது. நவம்பரில் ஒரு மாலை மேற்குக் கவ்ஸின் கடற்கரைச் சாலையில் நடந்து பாருங்கள். விளக்கு எரிகிற ஜன்னல்களை எண்ணிவிடலாம். மிச்ச வீடுகளுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், குடியிருப்பவர் இல்லை. வாடகைக்கு வீடு தேடுகிற தீவு இளைஞர்களுக்கு அந்த இருட்டு ஜன்னல்களின் அர்த்தம் நன்றாகத் தெரியும். 2025 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் இரண்டாம் வீடுகளுக்கு இரட்டிப்பு வரி போட அனுமதி உண்டு. வாரக் கணக்கில் வாடகைக்கு விடும் ஒவ்வொரு முழு வீடும் வருடக் கணக்கில் யாரோ குடியிருக்கக் கூடிய வீடு என்ற கேள்வியை நான் தள்ளிவைக்க மாட்டேன். வந்து போகிறவர் ஒருவர் இதைத் தீர்க்க முடியாது. ஆனால் தான் குடியிருக்கிற வீட்டை ஒரு வாரம் கொடுத்துவிட்டுப் போகும் அந்த அம்மாவுக்கும், ஆண்டு முழுக்கப் பூட்டிவைத்து ஆகஸ்டில் மட்டும் திறக்கும் லண்டன்காரருக்கும் வித்தியாசம் இருக்கிறது. நல்ல வழிகாட்டி அந்த வித்தியாசத்தைச் சொல்லும். குறைந்தபட்சம் கேட்கவாவது சொல்லும்.

சரி, நான் எங்கே தங்கச் சொல்வேன்? பந்தயம் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், கவ்ஸ் வாரத்தில் தீவில் தங்காமல் சவுத்தாம்ப்டனில் தங்குங்கள். காலை விரைவுப் படகில் வந்து, பிரின்சஸ் கிரீனில் பகலெல்லாம் இருந்துவிட்டு இரவு திரும்பலாம். ஜூன் மாதத்தைப் போலத் தீவைச் சுற்றும் ஒருநாள் பந்தயம் நடக்கும் நேரத்துக்கும் இதேதான். அந்த ஐம்பது கடல்மைல் பந்தயம் 1931-இல் இருபத்தைந்து படகுகளோடு தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியது. தங்கியே ஆக வேண்டும் என்றால் மேற்குக் கவ்ஸில் ஹை ஸ்ட்ரீட்டை விட்டு இரண்டு தெரு மேட்டில் ஏறித் தேடுங்கள். குன்று காற்றையும் ஆஞ்சான் சத்தத்தையும் மறைக்கும். மேற்கே ஒரு மைல் தள்ளி கர்னார்டு கிராமம் இருக்கிறது. கோடையில் அங்கிருந்து சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். அது மட்டும் ‘கடல் பார்க்கும் அறை’ என்ற சொல்லுக்குத் தகுந்த காட்சி.

மற்ற மாதங்களில் என் ஓட்டு ஈஸ்ட் கவ்ஸுக்கு. காரோடு வந்தால் கப்பலிலிருந்து நேராக வாசலுக்கு. ஆஸ்போர்ன் ஒன்றரை மைல், மேடு ஏறும் வழி, நடக்கலாம். சாயங்காலம் மிதவையில் மேற்கே கடந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். தீவு முழுக்கச் சுற்றுகிற திட்டம் இருந்தால் இரண்டு கவ்ஸையும் விட்டுவிட்டு நியூபோர்ட்டில் தங்குவது உசிதம். பேருந்துகள் எல்லாம் அங்கேதான் கூடுகின்றன, மெடினா கரையோரம் பழைய ரயில் தடத்தில் கவ்ஸ் வரை சைக்கிள் பாதையும் இருக்கிறது.

எந்தக் கரையில் எடுத்தாலும், பணம் கட்டுமுன் அன்றைக்கு மிதவை ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.